மீசை முளைக்கும் வரை

எனக்குப் பயம் வந்தால் முதலில் உள்ளங்கால் மரத்துப்போகும். மற்றவர்களுக்கு வியர்க்குமாம், கை நடுங்குமாம், நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். நாலு பேர் பார்த்துப் பரிதாபப்படுகிற மாதிரி எனக்கு ஒன்றும் வராது. செருப்புக்குள் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அப்புறம் உதடு. அப்புறம் கன்னம். பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவன் மாதிரி ஒரு முகத்தோடு உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்கள், "எவ்வளவு நிதானமான மனுஷன்!" என்பார்கள். இந்த நிதானத்தை வைத்துத்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இத்தனை வருஷம் எண்ணெய் விற்றேன்.

சமையல் எண்ணெய் இல்லை. பட்டறையில் லேத் இரும்பைக் கடையும்போது சூடு ஏறாமல் இருக்க மேலே ஊற்றுகிற எண்ணெய். தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி வெளுத்துவிடும். கூலன்ட் என்பார்கள். பார்க்கத்தான் பால், கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டால் நாற்றத்தில் கொரட்டூர்ப் பக்கத்துக் கால்வாய் தோற்றுவிடும். தொட்டியில் விரலை விட்டுத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, "மாத்திடலாம்ணே" என்று சொல்வதுதான் என் தொழில்.

அந்தத் தொழிலுக்கென்று ஒரு உடுப்பும் இருந்தது. யாரும் சட்டம் போட்டு வந்ததில்லை. கருநீலத்திலோ பழுப்பிலோ கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, கறை விழுந்தாலும் காட்டிக்கொடுக்காத பேன்ட், கை துடைக்கப் பாக்கெட்டில் ஒரு பிடி நூல் வேஸ்ட். சட்டையை உள்ளே விடக் கூடாது. விட்டுக்கொண்டு போனால் ஏதோ ஒரு டிபார்ட்மென்டிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிற ஆள் என்று அர்த்தம். "மொதலாளி ஊர்ல இல்ல சார்" என்று முதலாளியே வந்து சொல்லிவிட்டுப் போவார்.

கம்பெனி கைமாறியதும் இதெல்லாம் போச்சு. புது மேனேஜர் வந்தார். என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவர். வாய்க்கு வாய் 'சார்' போட்டு, மரியாதையாகவே கதிகலங்க வைப்பார். வேலப்பன்சாவடியில் ஒரு ஓட்டல் மாடியில் எங்களையெல்லாம் உட்கார வைத்து, எப்படி உடுத்திக்கொண்டு போனால் கஸ்டமருக்கு நம்மேல் மதிப்பு வரும் என்று பாடம் நடத்தினார்கள். பாடம் நடத்திய அம்மாள் திரையில் இரண்டு படம் போட்டார். வலது பக்கம் சரியான விற்பனையாளர்: வெளிர் நிற முழுக்கைச் சட்டை, டை, கறுப்பு ஷூ, துடைத்து வைத்த முகம். இடது பக்கம் தவறான விற்பனையாளர்: கட்டம் போட்ட சட்டை, தொப்பை, நரைத்த தலை, வாயை மூடுகிற மீசை. பக்கத்தில் இருந்தவன் என் தொடையைத் தட்டி, "மாமே, உன்ன எப்போ போட்டோ எட்த்தாங்க?" என்று கேட்டான். சத்தியமாக அந்த இடது பக்கத்து ஆள் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. எவ்வளவு நாள் அலைந்திருப்பானோ, பாவம்.

டீ இடைவேளையில் மேனேஜர் சமோசாத் தட்டோடு என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், மாசக் கடைசில ஆளைக் குறைக்கிறாங்க. உங்க பேரும் அடிபடுது. உங்க பெரிய கஸ்டமர் இருக்காரே, அவரோட வருஷ ஆர்டர் இந்த மாசத்தோட முடியுதில்ல? அதைத் திரும்ப வாங்கிட்டீங்கன்னா நான் மேல பேசிப்பேன்."

"வாங்கலன்னா?"

அவர் சமோசாவைக் கடித்தார். "சட்னி நல்லாருக்கு சார். எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டேன். அது புளித்ததா காரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கீழே குனிந்து பார்த்தேன். கால் இருந்தது.

அன்று சாயங்காலமே டை வாங்கக் கிளம்பினேன். பயந்தவன் சுறுசுறுப்பு யாருக்கும் வராது. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மெட்ரோவுக்காக அடைத்த தகரத்தை ஒட்டி, பள்ளிக்கூட யூனிபாரம் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது. ரப்பர் வைத்த டைதான் வேண்டும் என்றேன்.

"எத்தினியாவது படிக்கிறான் பையன்?" என்றார் கடைக்காரர்.

"பையனுக்கு இல்லீங்க. எனக்கு."

மேலும் கீழும் பார்த்தார். "வாத்தியாரா?"

"எண்ணெய் விக்கிறேன்."

"எண்ண விக்கிறதுக்கா டை?" உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "மச்சான், இருக்கறதுலயே பெரிய ரப்பர் டை ஒண்ணு எட்த்தா. எண்ணக்காரருக்காம்!" கடையில் இருந்த தாய்மார்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிளஸ் டூ சைஸ் எனக்குத் தொப்புளுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. நல்ல பையன் மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்றேன். தலைக்கு மை பூசியாயிற்று. மீசை மட்டும் பாக்கி. "உதட்டைத் தொடாம, நீட்டா, சின்னதா" என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். வலது பக்கம் கொஞ்சம் வெட்டினேன். இடது பக்கம் பெரிதாகத் தெரிந்தது. அதை வெட்டினேன். இப்போது வலது பக்கம் பெரிசு. பங்காளிகள் மாறி மாறி வரப்பை வெட்டுகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மூக்குக்குக் கீழே சரியாக நடுவில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு தெருவில் போக முடியாது. எடுத்துவிட்டேன்.

காபியோடு வந்த என் மனைவி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"ஐயையோ! இன்னாங்க பண்ணி வச்சிக்கிறீங்க? மாமா உள்ள உசுரோட கீறாரு!"

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை மீசையை எடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பெற்றவர் போய்ச் சேர்ந்தால், மகன் எடுப்பான். மற்றபடி திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டால் மீசையும் போகும். அதற்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள், லட்டும் வரும். லட்டும் இல்லாமல் மொட்டையும் இல்லாமல் மீசை மட்டும் போனால், அது சாவுதான்.

அப்பா கூடத்தில் டிவி முன்னால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இளவயதில் யார் யார் வயலிலோ கூலிக்கு நாற்று நட்டவர், பிறகு ஆவடிப் பக்கம் ஒரு ஆலையில் சேர்ந்து ரிட்டையர் ஆனவர். எதற்கும் லேசில் அசர மாட்டார். சத்தம் கேட்டுத் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார்.

"யாருக்குடா எட்த்த? எனக்கா?"

"இல்லப்பா, ஆபீஸ்ல..."

"ஆபீஸ்ல எவன் செத்தான்?"

"யாரும் சாவலப்பா. நீட்டா வரச் சொன்னாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எட்த்துக்கலாம்ல? நானும் ரெடியா இருந்திருப்பேன்." மருமகள் பக்கம் தட்டை நீட்டினார். "இன்னொண்ணு போடும்மா. போறதுன்னு ஆயிடுச்சு."

கோவில்பதாகையிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியவில்லை. வெள்ளைச் சட்டையில் தூசி விழாமல் இருக்க மேலே மழைக்கோட்டு போட்டிருந்தேன். வெயில் கொளுத்துகிறது, நான் மழைக்கோட்டில் போகிறேன். அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் ஒரு பெண் தன் குழந்தைக்கு என்னைக் காட்டினாள்.

அந்தப் பெரிய கஸ்டமர், அம்பத்தூரின் பழைய விவசாயக் குடும்பத்து மனிதர். எஸ்டேட்டுக்கு நிலம் போன பிறகு, லேத் ஓட்டுகிற டர்னராகத் தொடங்கி, இப்போது வரிசையாக நாலு ஷெட். என்னை எழுந்து வரவேற்றதே இல்லை. "இன்னாபா" என்பார், கையால் நாற்காலியைக் காட்டுவார். அன்று அவர் அறையில் ஏற்கெனவே ஒரு இளைஞன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னொரு எண்ணெய்க் கம்பெனி. டை, நிஜமாகவே முடிச்சுப் போட்டது, இடுப்பு வரை தொங்கியது. என் கால் போயிற்று. உதடு போயிற்று. முகம் மொத்தமும் போயிற்று.

அவர் என்னைப் பார்த்தார். மூக்குக்குக் கீழே பார்த்தார். வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவாபா?"

எனக்குப் புரிந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உதடு இருந்தால்தானே சொல்வதற்கு? திறந்த வாயோடு நின்றேன். சாவு வீட்டிலிருந்து வந்தவன் வேறெப்படி நிற்பான்?

"எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாது? வந்து நின்னிருக்க மாட்டனா?" என்றவர் அந்த இளைஞனிடம் திரும்பினார். "தம்பி, நீ இன்னொரு நாளு வா. இவுரு ஊட்ல சாவு."

அவன் லேப்டாப்பை மூடினான். "ரொம்ப சாரி சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். நல்ல பையன். நான் தலையாட்டினேன். வாயைத் திறக்காமலே எனக்கு வேண்டியதெல்லாம் நடந்துகொண்டிருந்தது.

டீ வந்தது. "காரியம்லாம் முடிஞ்சுதா?" என்று அவரே கேட்டார், பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. "ஆர்டர் பேப்பர் கொண்ணாந்துக்கிறியா? குடு, போட்டுக் குடுத்துடறேன். இந்த நேரத்துல உன்ன அலைய வுடக் கூடாது." என் கை தானாகப் பையைத் திறந்து காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தது. அந்தக் கையை நான் தடுக்கவில்லை. அது யாருடைய கையோ மாதிரி இருந்தது. அவர் பேனாவைத் திறந்தார்.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வரேன். அப்பா படத்துக்கு ஒரு மால போடணும்."

மாலை என்றதும் எனக்கு அப்பா கண்ணில் வந்தார். அவருக்குப் படமே கிடையாது, ரேஷன் அட்டையில் இருப்பதுதான். இவர் மாலையோடு வந்து நிற்கிறார். அப்பா அதை வாங்கித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, "இன்னா விசேஷம்?" என்கிறார். அப்படித்தான் செய்வார். எனக்குத் தெரியும்.

"அண்ணே, அப்பா நல்லா கீறாரு."

பேனா நின்றது.

"காலைல இட்லிகூட சாப்ட்டாரு" என்றேன். அதை ஏன் சொன்னேன்? சாட்சிக்கா? "நெறையவே சாப்ட்டாரு."

"அப்போ இது?" அவர் தன் மீசையைத் தொட்டுக் காட்டினார்.

"கம்பெனில நீட்டா வரச் சொன்னாங்க. ட்ரிம் பண்ணேன். ஒரு பக்கம் கோணிச்சு..."

சிரிப்பார் என்று நினைத்தேன். திட்டினாலும் தேவலை. அவர் இரண்டும் செய்யவில்லை. பேனாவை மூடினார். சுவரில் இருந்த சாமி படத்தை ஒருமுறை பார்த்தார். அவர் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பயம் எனக்குத் தெரியாதா?

"ஏம்பா, பெத்தவரு உசுரோட கீறச்சே மீசைய எட்த்துக்கினு, காலங்காத்தால என் பட்டறைல வந்து நிக்கிறியே. எங்கம்மா ஆஸ்பத்திரில கீது. தெரியுமா உனுக்கு?"

தெரியாது. தெரிந்திருந்தால் நான் தெருமுனையிலேயே திரும்பியிருப்பேன்.

"போ. மொளைக்கட்டும். மொளச்சப்புறம் வா."

"அண்ணே, இந்த மாசத்துக்குள்ள..."

"மொளைக்கட்டும்னு சொன்னேன்."

காகிதம் என் பக்கம் திரும்பி வந்தது. நான் வாசலைத் தாண்டியதும் பின்னால் யாரோ எலுமிச்சம்பழத்தை நசுக்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். அந்த மரியாதை மட்டும் காப்பாற்றினேன்.

மேனேஜர் போன் செய்தார். "என்ன சார் ஆச்சு?"

"முளைச்சதும் போகணும் சார்."

"என்ன முளைச்சதும்?"

விவரம் சொன்னேன். "இதை நான் எச்.ஆர்.க்கு எப்படி சார் எழுதுவேன்?" என்றார். முதன்முறையாக அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது.

மாசக் கடைசிக்கும் என் மேலுதட்டுக்கும் ஓட்டப்பந்தயம். மனைவி விளக்கெண்ணெய் தடவச் சொன்னாள். எண்ணெய் விற்கிறவனுக்கு எண்ணெய் வைத்தியம். முகத்தில் பளபளப்பு வந்தது, முடி வரவில்லை. தெருவில் விஷயம் பரவி, பின்தெருக்காரர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். கதவைத் திறந்தது அப்பா. "வா வா, உள்ள வா. நான்தான் அது" என்று கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, அவரோடு மேட்ச் பார்த்தார்.

இதையெல்லாம் இப்போது சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேன். அன்று எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை. காலையில் டை மாட்டுவேன், மற்றப் பட்டறைகளுக்குப் போவேன், யாரும் கேட்பதற்கு முன்பே "அப்பா நல்லா இருக்கார்" என்று வணக்கம் சொல்லுகிற மாதிரி சொல்வேன். சாப்பிட்டேனா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பேன். வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க உட்கார்ந்தால் யோசனை ஓடாது. சிக்னலில் பச்சை விழும், பின்னால் ஆரன் அடிப்பார்கள், "யோவ், தூங்குறியா?" என்பார்கள். தூங்கவில்லை. அங்கே இல்லை, அவ்வளவுதான்.

மேலுதட்டில் வாடிய நாற்று மாதிரி ஏதோ தலைகாட்டத் தொடங்கிய சமயத்தில், அந்தப் பட்டறையிலிருந்து சேதி வந்தது. அவர் அம்மா போய்விட்டார்.

நான் படுக்கையில் உட்கார்ந்தேன். "நான் கொன்னுட்டேன்" என்றேன்.

"இன்னாது?" என்றாள் மனைவி.

"என் மீசைதான் கொன்னுடுச்சு."

"அந்தம்மாவுக்கு வயசு இன்னா தெரியுமா உங்களுக்கு? பேசாம எழுந்து குளிச்சிட்டுப் போங்க. வெள்ளச் சட்டையே போட்டுக்கங்க. அதுக்குத்தான் அந்தச் சட்ட சரி."

பழைய ஊருக்குள் அவர் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். உள்ளே போகத் தைரியமில்லை. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் போட்டிக் கம்பெனி இளைஞன். கையில் மாலை.

"ஆபீஸ்லேருந்து நேரா வரேன் சார்" என்று டையை அவிழ்த்துச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். பிறகு மெதுவாக, "சார், அன்னிக்கு உங்க வீட்ல..." என்றான்.

"அப்பா நல்லா இருக்கார்" என்றேன்.

அவன் என் மேலுதட்டைப் பார்த்துவிட்டு, மாலையைப் போட உள்ளே போனான்.

உடலை எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனவர்கள் சாயங்காலம் திரும்பினார்கள். ஈர வேட்டியோடு அவர் முன்னால் வந்தார். தலையில் முடி இல்லை. மீசை இல்லை. அது இல்லாமல் பார்த்தால் அவர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். நேராக என்னிடம் வந்தார். கூட்டத்தில் வைத்து அறையப் போகிறார் என்று நினைத்தேன். அறையட்டும் என்றும் நினைத்தேன். என் முகம் அப்போது எதையும் தாங்கும், அதில் உணர்ச்சியே கிடையாது.

"வந்தியா" என்றார். என் மேலுதட்டைப் பார்த்தார். "ரொம்ப நாளா இழுத்துக்கினுதான் இருந்துது. உன் மேல ஒண்ணும் இல்ல. பயந்துக்கினு நிக்காத."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். என் பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

தெருமுனைக்கு வந்து எடுத்தேன். மேனேஜர்தான். சேதி சொன்னேன்.

"அடடா. கேக்கவே கஷ்டமா இருக்கு சார்" என்றார். உண்மையிலேயே கஷ்டப்பட்டார். "ஆனா தேதி முடியுதே சார். அந்தப் பேப்பர்..."

"பையிலதான் இருக்கு."

"கேட்டுப் பாக்கறீங்களா?"

"இல்ல சார்."

"அப்போ நான் மேல என்ன சொல்றது?"

"கேக்கலன்னு சொல்லுங்க."

காரியம் முடிகிற வரைக்கும் நாலு ஷெட்டும் பூட்டிக் கிடந்தன. மாசமும் முடிந்தது. என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. மேனேஜர் என்ன பேசினாரோ, பூந்தமல்லி குடோனுக்கு மாற்றினார்கள். பீப்பாய்களை எண்ணெய் வகை பார்த்து லாரியில் ஏற்றி அனுப்புகிற வேலை. அங்கே கஸ்டமர் யாரும் வர மாட்டார்கள். என்ன உடுத்தினாலும் கேட்க ஆள் இல்லை.

பிறகு ஒரு நாள் அந்தப் பட்டறையிலிருந்து ஆர்டர் வந்தது. இரண்டு ஷெட்டுக்கு மட்டும். மற்ற இரண்டு அந்தப் போட்டிக் கம்பெனிப் பையனுக்கு. ஆர்டரை நான் போய் வாங்கவில்லை, ஆபீசிலிருந்து நேராக என் மேஜைக்கு வந்தது. பீப்பாய்களைத் தட்டிப் பார்த்து, சீட்டு ஒட்டி, லாரியில் ஏற்றச் சொன்னேன். டிரைவர் கிளம்பும்போது, "அண்ணாத்தே, அங்க யாராச்சும் உன்னப் பத்திக் கேட்டா இன்னா சொல்லட்டும்?" என்றான்.

"ஒண்ணும் சொல்லாத. எறக்கிட்டு வா" என்றேன்.

லாரி போயிற்று. அன்றைக்கு நான் என்ன சட்டை போட்டிருந்தேன் என்று ஞாபகம் இல்லை.